தொழுவத்துக்குப் போகும் ஒயர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகள் திறப்பதற்கு வெகு முன்னாலேயே சுற்று ஊர்களின் தொழுவங்களில் விளக்கு எரிந்துவிடும். விடியற்காலை நான்கு மணி. மம்சாபுரம், மல்லி, வத்திராயிருப்பு, இந்தப் பக்கம் ராஜபாளையத்தைத் தாண்டிச் சேத்தூர் வரைக்கும், கறவை மாடு நிற்கிற வீட்டில் அந்த நேரத்துக்கு ஒரு பல்பு எரியும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவின் கதை அந்தப் பல்புக்கு அடியில்தான் தொடங்குகிறது. அந்தப் பல்புக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்ப் பாருங்கள். தொழுவத்துக் கூரையிலிருந்து வேப்பமரத்துக் கிளைக்கு, அங்கிருந்து துணி காயப்போடும் கொடிக்கம்பிக்கு, கடைசியில் அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, மிக்ஸி சொருகும் பிளக் பாயிண்டில் போய் முடியும். சில இடங்களில் பிளக்கும் இருக்காது. ஒயரின் இரண்டு முனையையும் துளைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள்.

வீட்டு வயரிங்கைத் தொழில் தெரிந்த எலக்ட்ரீசியன் செய்திருப்பார். தொழுவத்துக்குப் போகும் ஒயரை மட்டும் வீட்டுக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்திருப்பார். பேஸ், நியூட்ரல் என்று இரண்டு கம்பிதான் அதில் ஓடும். மூன்றாவது கம்பியான எர்த், ஜன்னலோடு நின்றுவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்றாவது கம்பியைப் பற்றியது என்றே சொல்லலாம்.

ராஜபாளையம் மில் ஊர். 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் காலத்திலிருந்து பஞ்சோடு வாழ்கிற ஊர். பஞ்சு பறக்கும் கூடத்தில் ஒரு பொறி என்ன செய்யும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற அதே மனிதர், வைக்கோல் படப்பை ஒட்டிய கீற்றுக் கூரையில், ஒட்டடை படிந்து தொங்கும் ஹோல்டரில் பல்பைத் திருகுகிறார். அறியாமை என்று இதைச் சொல்லிவிட முடியாது. மில் என்றால் மின்சாரம் ஒரு தனி விஷயம், தொழுவம் என்றால் மாடு மட்டும்தான் விஷயம் என்று மனத்துக்குள் ஒரு சுவர் இருக்கிறது.

கால்நடைக் கொட்டகையில் மின்சாரம் பற்றி வெளிநாடுகளில் நிறைய எழுதியிருக்கிறார்கள், அதிலும் குதிரை லாயங்களைப் பற்றி. காரணம் எளிது: பந்தயக் குதிரையின் விலை. எங்கள் பக்கம் குதிரை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அய்யனார் கோயில் மண்குதிரைதான். அதற்கு ஷாக் அடிக்காது. ஆனால் ஒரு குதிரைக் கதையை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். 2011 பிப்ரவரி 12, இங்கிலாந்தின் நியூபரி பந்தயத் திடல். முதல் பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் புல்வெளியில் மார்ச்சிங் சாங், ஃபெனிக்ஸ் டூ என்ற இரண்டு குதிரைகள் அடுத்தடுத்துச் சரிந்து விழுந்து செத்தன. அன்றைய மீதிப் பந்தயங்கள் நின்றன. தோண்டிப் பார்த்தபோது புல்லுக்கு அடியில் ஒரு பழைய கேபிள் இருந்தது. கசிவு அதிலிருந்து என்று முடிவானது. அதே புல்லில் அத்தனை மனிதர்கள் நின்றிருந்தார்கள். யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மனிதர்கள் ரப்பர் அடிச் செருப்பில் நின்றார்கள், குதிரைகள் உலோக லாடத்தில் நின்றன. நம் வண்டி மாட்டுக்கும் லாடம்தான்.

மனிதன் தாங்குவதை மாடு ஏன் தாங்காது? அவ்வளவு பெரிய உடம்புதானே என்று தோன்றும். உடம்பின் பருமனுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. முதல் காரணம், மாட்டின் உடம்பு மின்சாரத்துக்குக் காட்டும் தடை மிகக் குறைவு. ஆய்வாளர்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்வது சுமார் 500 ஓம். ஈர மூக்கு, ஈரக் குளம்பு, மூத்திரமும் சாணமும் ஊறிய தரை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. காய்ந்த கையோடு செருப்புப் போட்டு நிற்கும் மனிதனின் தடை இதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் நமக்கு ‘சுர்’ரென்று இழுத்துவிட்டு விடுகிற தூண், மாட்டைச் சாய்த்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் நான்கு கால். கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் மின்னழுத்தம் அதிகம். விலக விலகக் குறையும். ஆகவே தரையில் ஒவ்வொரு அடிக்கும் அழுத்த வித்தியாசம் உண்டு. மனிதனின் இரண்டு பாதங்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம். பாய்கிற மின்சாரமும் கால் வழியாக ஏறிக் கால் வழியாகவே இறங்கிவிடும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருக்கும். அந்த வழியில்தான் இதயம் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் நார்வேயின் மலைவெளி ஒன்றில் இடி விழுந்தபோது 323 கலைமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. இடி ஒவ்வொன்றின் தலையிலும் தனித்தனியாக விழவில்லை. தரை வழியாக, கால் வழியாகப் போயிருக்கிறது.

இப்படி இறக்கும் மாட்டின் வாயில் கடித்த புல் அப்படியே இருக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். காயம் எதுவும் கண்ணில் படாது. அதனால் பாம்பு கடித்திருக்கும், செய்வினையாக இருக்கும் என்று பேச்சு திரும்பிவிடுகிறது. அடுத்த மாடும் அதே தறியில் கட்டப்படுகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மாட்டின் தடை 500 ஓம். வகுத்தால் 0.46 ஆம்பியர். மாட்டைக் கொல்ல இது வேண்டிய அளவுக்கும் மேலே. ஆனால் வீட்டு ஃபியூஸுக்கு? 60 வாட் குண்டு பல்பு ஒன்று இழுப்பது கால் ஆம்பியர். அதாவது துடித்துச் சாகிற ஒரு மாடு, ஃபியூஸின் கண்ணுக்கு எரிகிற இரண்டு பல்பாகத்தான் தெரியும். 5 ஆம்பியர் ஃபியூஸ் போகாது. ஃபியூஸுக்குப் பதில் போடும் எம்.சி.பி.யும் விழாது. “எங்க வீட்டுல எம்.சி.பி. போட்டிருக்கு, பயமில்ல” என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, உயிரை அல்ல.

உயிரைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற சாதனம். போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். பேஸில் போனதில் 30 மில்லி ஆம்பியர் நியூட்ரலில் திரும்பி வரவில்லை என்றால், அது வேறு எங்கேயோ ஓடுகிறது, யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் கம்பி சரியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒயர் தோல் உரிந்து இரும்புத் தூணில் பட்ட கணமே, மாடு வந்து தொடுவதற்கு முன்பே, கசிவு எர்த் வழியாக ஓடி ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் யாராவது தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த யாராவது பெரும்பாலும் மாடு.

இந்தச் சாதனத்தைப் பற்றி ஊரில் ஒரே ஒரு புகார்தான்: “சும்மா சும்மா டிரிப் ஆவுது.” எலக்ட்ரீசியனே வந்து அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டுப் போன வீடுகள் உண்டு. எனக்கு இதைவிடக் கோபம் வருகிற விஷயம் இந்தத் தலைப்பில் வேறில்லை. மழைக்காலத்தில் மட்டும் விழுகிறது என்றால் எங்கேயோ ஒரு மூட்டில் தண்ணீர் இறங்குகிறது. மோட்டார் போட்டால் விழுகிறது என்றால் மோட்டாரில் கசிவு. நாய் குரைக்கிறது என்று நாயை அடிக்கிறவன் ராஜபாளையத்தில் இருக்க மாட்டான்; ஆர்.சி.சி.பி. விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று தோட்டத்துத் தொழுவங்களில் உண்டு. நியூட்ரல் கிடைக்காத இடத்தில், அல்லது அறுந்துபோனபோது, ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து அதையே நியூட்ரலாக வைத்து பல்பு எரிப்பது. பல்பு எரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல்பு இழுக்கும் மின்சாரம் முழுவதும் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பியைச் சுற்றி ஈரம் இருக்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே அடித்திருப்பார்கள். மாடு தண்ணீர் குடிக்க வந்து நிற்கும் இடம் அதுதான். மண் காய்ந்து பிடிப்புக் குறைகிறபோது அந்தக் கம்பி கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டுக்கும் ஏறிவிடும். இதற்கு மாற்றுவழி, சமரசம் எதுவும் கிடையாது. இன்றே பிடுங்க வேண்டிய கம்பி அது.

கொல்லாத கசிவும் உண்டு. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட், ஐந்து வோல்ட். நமக்குத் தெரியவே தெரியாது, டெஸ்டர் மினுக்காது. மாட்டுக்குத் தெரியும். தொட்டியில் வாய் வைத்துவிட்டுப் படக்கென்று தலையை எடுக்கும். நக்கி நக்கிக் குடிக்கும். கறவை நேரத்தில் காலை மாற்றி மாற்றி வைக்கும், உதைக்கும், பாலை இறக்காமல் அடக்கும். அமெரிக்க வேளாண் துறை இதற்கென்றே 1991இல் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. சில வோல்ட் அழுத்தமே மாட்டின் நடத்தையை மாற்றப் போதும் என்பதற்கு அதில் நிறையச் சோதனை விவரங்கள் உண்டு. நம் பக்கம் இதற்குப் பெயர் கண்ணேறு. மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவார்கள். சுற்றிப் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மெயினை அணைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிப் பார்க்கட்டும். நிதானமாகக் குடித்தால், கண் வைத்தது பக்கத்து வீட்டுக்காரி இல்லை.

புதிதாகத் தொழுவத்துக்கு சிமெண்ட் தளம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தளத்துக்குள் போடும் கம்பி வலையை, இரும்புத் தூணோடும் தொட்டிக்கு வரும் இரும்புக் குழாயோடும் எர்த்தோடும் இணைத்துவிடச் சொல்லுங்கள். நான்கு காலும் வாயும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் மாட்டின் வழியே மின்சாரம் ஓட வேலையில்லை. தளம் போடும் அன்று இது ஒரு மணி நேர வேலை. போட்ட பிறகு உடைத்துத்தான் செய்ய வேண்டும்.

தீயைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். கொட்டகைத் தீ எல்லாமே மின்சாரத்தால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பால்பண்ணை எரிந்து சுமார் 18,000 மாடுகள் செத்தன. விசாரணையில் சாணம் அள்ளும் வண்டியின் இன்ஜின்தான் காரணம் என்று தெரிந்தது. இங்கேயும் கொசுவுக்குப் போடும் மூட்டத்திலிருந்து பறக்கும் பொறி, கார்த்திகை விளக்கு, பீடி என்று பல உண்டு. மின்சாரத்தின் பங்கு வேறு வகை: அது ஆள் இல்லாத நேரத்தில், இரவு இரண்டு மணிக்கு வேலை செய்யும். தவிடும் பருத்திக்கொட்டையும் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் ஒயர் தப்பாது. தொழுவத்துக் காற்றில் மூத்திரத்தின் அமோனியா எப்போதும் இருப்பதால் செம்புக் கம்பியின் முனையில் சீக்கிரமே களிம்பு ஏறிவிடும். களிம்பு ஏறிய மூட்டு சூடேறும். டேப் சுற்றி, அதன் மேல் பால் கவரைக் கட்டி வைத்த மூட்டு, கூரைக்குள் கீற்றோடு கீற்றாக இருந்தால் அதுவே ஒரு திரி. மாட்டுப் பொங்கலுக்குக் கூரையோரம் சீரியல் செட் கட்டுகிற புது வழக்கம் வேறு சேர்ந்திருக்கிறது. அந்த மெல்லிய ஒயர் தொழுவத்துக்கு ஆனதே அல்ல.

தீ பிடித்தால் கட்டிய மாடு தன்னால் ஓட முடியாது. குதிரையோ, அவிழ்த்துவிட்டாலும் பயத்தில் எரிகிற லாயத்துக்குள்ளேயே திரும்ப ஓடும் என்பது குதிரைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் அனுபவம். அதனால் மூக்கணாங்கயிற்றையும் தும்பையும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுவது வயரிங்கைப் போலவே பாதுகாப்பு வேலைதான்.

குண்டு பல்பு போய் எல்.இ.டி. வந்தது பெரிய நன்மை. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகவே வெளியேறும்; ஒட்டடையும் பொட்டும் அதன்மேல் படிந்தால் கருகும். எல்.இ.டி.யில் அந்தச் சூடு மிகக் குறைவு. ஆனால் பல்பை மாற்றியவர்கள் ஹோல்டரை மாற்றவில்லை, ஒயரை மாற்றவில்லை. தொழுவத்துக்கு வேண்டியது தூசியும் தண்ணீரும் நுழையாத, மூடி போட்ட விளக்கு. கடையில் “ஐ.பி. 65” என்று கேட்டால் கொடுப்பார்கள், 6 என்பது தூசி நுழையாது என்பதற்கு, 5 என்பது பீய்ச்சும் தண்ணீருக்கும் தாங்கும் என்பதற்கு. தளத்தைக் குழாய் பிடித்துக் கழுவுகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். ஒயர் கட்டாயம் பி.வி.சி. பைப்புக்குள் போக வேண்டும், அதுவும் மாட்டின் நாக்கும் கொம்பும் எட்டாத உயரத்தில். எருமை வைத்திருப்பவர்கள் சுவிட்ச் போர்டைத் தொழுவத்துக்கு வெளியிலேயே வைப்பது நல்லது. முதுகைத் தேய்க்க எருமை தேடும் மூலை எப்போதும் சுவிட்ச் போர்டு இருக்கும் மூலையாகத்தான் அமையும்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பதில் ஒரு குழப்பம் உண்டு. நாளுக்கு 16 மணி நேரம் நல்ல வெளிச்சம் கொடுத்தால் பால் கூடும் என்று குளிர்நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே குளிர்காலத்தில் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும். நாம் இருப்பதோ ஒன்பதரை டிகிரி வட அட்சத்தில். மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுத்தான் கூட. அந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிவரை விளக்கெரிக்கிறவர், அந்தச் செலவை முதலில் எர்த் குழியில் போடட்டும் என்பேன். நமக்கு விளக்கு தேவைப்படுவது கறவைக்கும், கன்று ஈனும் ராத்திரிக்கும். கறப்பவரின் நிழல் மடிமேல் விழாதபடி இரண்டு பக்கம் இரண்டு சின்ன விளக்கு, நடுவில் ஒரு பெரிய பல்பைவிட மேல்.

எர்த் குழி கோடையில் ஏமாற்றும். மலையடிச் செம்மண்ணானாலும் கிழக்கே கரிசலானாலும் சித்திரை, வைகாசியில் மண் காய்ந்துபோகும். கரிசல் வெடித்துக் கம்பியைவிட்டு விலகவும் செய்யும். கரியும் உப்பும் போட்டு மூடியதோடு கதை முடிவதில்லை. வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாட்டைக் குளிப்பாட்டும் தண்ணீர் ஓடிவரும் இடத்தில் குழியை வைத்தால் அந்த வேலை தானே நடக்கும்.

சட்டத்தில் குறையொன்றும் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்டன. வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பு என்பது அதில் இருக்கிறது. தேசிய மின் விதித்தொகுப்பில் வேளாண் வளாகங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. பன்னாட்டு விதிகளில், மனிதர் தொடும் இடத்துக்கு 50 வோல்ட் என்ற வரம்பைக் கால்நடை நிற்கும் இடத்துக்குப் பாதியாக்கி 25 வோல்ட் என்றே வெகு காலம் வைத்திருந்தார்கள். எல்லாம் சரி. மில்லுக்கும் தியேட்டருக்கும் மின் ஆய்வாளர் வருவார். இரண்டு மாடு நிற்கும் தொழுவத்துக்கு யார் வருவார்? கடன் கொடுத்து மாடு வாங்கித் தருகிறோம், காதில் வில்லை போட்டுக் காப்பீடு செய்கிறோம், சங்கத்தில் பாலின் கொழுப்பை அளக்கிறோம். இந்த வரிசையில் எந்த இடத்திலும் தொழுவத்து ஒயரை ஒருவரும் பார்ப்பதில்லை. பால் சங்கங்கள் மனம் வைத்தால் இது முடியும். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், ஓர் எலக்ட்ரீசியனை உறுப்பினர் வீடுகளுக்கு அனுப்புவது பெரிய செலவு அல்ல. ஆர்.சி.சி.பி.யின் விலையோ, பத்து லிட்டர் கறக்கும் மாட்டின் ஏறக்குறைய ஒரு வாரப் பால் காசு.

மலையை ஒட்டிய மாந்தோப்பு, தென்னந்தோப்புக்காரர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. 2021இல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காட்டின் விளிம்பு அது. பன்றியும் யானையும் இறங்கும். தொழுவத்து லைனிலிருந்தோ மோட்டார் ரூமிலிருந்தோ நேராக வேலிக்கு மின்சாரம் கொடுப்பது கொலை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது அப்படிப்பட்ட வேலியில்தான். முறையான சோலார் வேலி நொடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு மட்டும் அடித்துவிட்டு நிற்கும். அதற்கும் பதிவும் கட்டுப்பாடும் வேண்டும் என்று அதே ஆண்டு மாநில அரசு விதி கொண்டுவந்தது. வீட்டு லைன் விடாது; பிடித்தபடியே இருக்கும். யானைக்கு வைத்தது அடுத்த நாள் காலையில் மேயப்போன சொந்த மாட்டையும், தேடிப்போன ஆளையும் பார்த்து ஒதுங்காது. அதேபோல மாட்டை மின்கம்பத்திலோ ஸ்டே கம்பியிலோ கட்டாதீர்கள் என்று மின்வாரியம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. நிழலுக்கும் தறிக்கும் அதுதான் வசதி என்று இன்னும் கட்டுகிறோம்.

மேயும்போது அறுந்து கிடக்கும் கம்பியோ, தொழுவத்தில் தூணோ, எதில் மாடு அடிபட்டுத் துடித்தாலும் ஓடிப்போய் அதைத் தொடாதீர்கள். கயிற்றையும் பிடிக்காதீர்கள், ஈரக் கயிறும் கம்பிதான். பிள்ளை மாதிரி வளர்த்த மாடு கண்ணெதிரே விழும்போது இதைக் கேட்பது கஷ்டம், தெரியும். மாட்டைக் காப்பாற்றப் போய் இறந்தவர் செய்தி மழைக்காலந்தோறும் பேப்பரில் வருகிறது. முதலில் மெயினை அணையுங்கள். அதற்காகவே மெயின் சுவிட்ச் தொழுவ வாசலுக்கு வெளியே, இருட்டிலும் கை போகும் இடத்தில் இருக்கட்டும். வெளிக்கம்பி என்றால் தள்ளி நின்று மின்வாரியத்தின் மின்னகம் எண்ணைக் கூப்பிடுங்கள்: 94987 94987. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. இரண்டையும் தொழுவத்துத் தூணில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதிவையுங்கள்.